இழுக்குமா என்று கேட்கிறார்கள், நிற்குமா என்று கேளுங்கள்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் படகு வைத்திருக்கிற சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கொஞ்ச நாளாக என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். பெரிய ஃபைபர் வல்லத்தை ட்ரெய்லரில் வைத்து இழுக்கணும், கையில் மூணு, நாலு லட்சம்தான் இருக்கு, எந்தப் பழைய வண்டியை எடுக்கலாம்? என் அண்ணனும் மச்சானும் பங்கு போட்டு வைத்திருக்கிற 32 அடி வல்லத்துக்காக நானே இந்த வேலையில் மாதக்கணக்கில் அலைந்தேன். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன் என்பதால் வண்டி பார்க்கிற பொறுப்பு தானாகவே என் தலையில் வந்து விழுந்தது. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிட்டால் யாருக்காவது பயன்படும் என்றுதான் இது.

முதலில், வண்டி வாங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்கவோ ஃபைபர் ஒட்டவோ மட்டும் படகைக் கரையேற்றுகிறவர்கள் ஹைட்ரா கிரேனும் லாரியும் வாடகைக்குச் சொல்லிவிடுவதுதான் நல்லது. அந்தக் காசில் வண்டி இன்சூரன்ஸ்கூடக் கட்ட முடியாது. எங்கள் நிலைமை வேறு. முகத்துவாரத்திலிருந்து ரிப்பேர் ஷெட்டுக்கு ஒரு போக்கு, இறால் சீசன் பார்த்துப் பழவேற்காட்டுக்கு ஒரு போக்கு, ஐப்பசி கார்த்திகை வந்தால் புயல் எச்சரிக்கைக்கு ஏற்ற மாதிரி மேட்டுக்கு ஒரு போக்கு என்று படகு நடமாடிக்கொண்டே இருக்கும். புயல் சொன்ன அன்றைக்கு ஹைட்ரா கிடைக்காது என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் கரையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே கிரேன்காரருக்குப் போன் போட்டால் அவரும்தான் என்ன செய்வார்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் படகை எடை போடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. "என்னா, ஒரு டன்னு இருக்கும்பா" என்பார்கள். ஃபைபர் படகின் எடை அதை அச்சில் வார்த்த நாளில் இருந்த எடை கிடையாது. ஒவ்வொரு ரிப்பேருக்கும் மேலே மேலே ஃபைபர் பாயும் ரெசின் பசையும் ஏறியிருக்கும். மிதப்புக்காக உள்ளே அடைத்திருக்கிற தெர்மகோலும் ஃபோமும் வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். அடித்தட்டில் மழைத்தண்ணீர் நிற்கும். 300 லிட்டர் நின்றால் 300 கிலோ, அவ்வளவுதான் கணக்கு. நம்ம வடசென்னையில் எடைமேடைக்குப் பஞ்சமே இல்லை, மணலி, மாதவரம், மீஞ்சூர் என்று லாரி போகிற வழியெல்லாம் இருக்கிறது. வாடகை டிராக்டரில் கட்டி ஒரு தடவை கொண்டுபோய், டிராக்டரைக் கழற்றி விட்டு ட்ரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கிவிடுங்கள். எங்களுடையது டீசல் இன்ஜின் உள்ளேயே உட்கார்ந்திருக்கிற வல்லம். ட்ரெய்லரும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு டன் வந்தது. இனி சொல்லப்போகிற கணக்கெல்லாம் அந்த இரண்டு டன்னை வைத்துத்தான்.

அடுத்து, குதிரைசக்தி. புரோக்கர் முதலில் எடுத்து விடுவது இதைத்தான். பழைய ஸ்விஃப்ட் டீசல் 1.3 லிட்டர் இன்ஜின் 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. பொலிரோவின் 2.5 லிட்டர் எம்டூடிஐசிஆர் இன்ஜின் வெறும் 63 குதிரை, 195 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பார்த்தால் ஸ்விஃப்ட் ஒரு படி மேலே. ஆனால் இரண்டு டன் படகை ஸ்விஃப்டில் கட்ட யாராவது துணிவார்களா? ஸ்விஃப்ட் ஒரு டன் சொச்சம் எடை, தனிச் சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, இழுப்பது முன்சக்கரம். பின்னால் கொக்கியில் பாரம் உட்கார்ந்தால் முன்பக்கம் லேசாகத் தூக்கும், இழுக்க வேண்டிய சக்கரத்தின் பிடிமானமே போய்விடும். பொலிரோ பழைய பாணியில் ஏணிச் சட்டம் போட்ட சேஸ், பின்சக்கர இழுவை, பட்டை சஸ்பென்ஷன். கொக்கியில் பாரம் ஏற ஏற இழுக்கிற சக்கரத்துக்குப் பிடிமானம் கூடும். அதனால் எத்தனை குதிரை என்று கேட்காதீர்கள். வண்டியின் சொந்த எடை எவ்வளவு, எந்தச் சக்கரம் இழுக்கிறது, முறுக்குவிசை எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று கேளுங்கள். டாடா சுமோ கோல்டின் 3 லிட்டர் இன்ஜின் 85 குதிரைதான், ஆனால் 250 நியூட்டன் மீட்டர், இன்ஜின் நிமிஷத்துக்கு 1000 சுற்று சுற்றும்போதே வந்துவிடும். பாரத்தோடு நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்பும்போது, கிளட்ச்சைக் கருக்காமல் நகர்த்துவது அந்த 1000 சுற்றில் கிடைக்கிற விசைதான்.

இப்போது தரையைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். சமமான தார் ரோட்டில் இரண்டு டன் ட்ரெய்லரை உருட்ட 30, 40 கிலோ விசை போதும். இரண்டு ஆள் தள்ளினால் நகரும், பார்த்திருப்பீர்கள். பத்தடிக்கு ஓரடி ஏறுகிற சரிவில் அதே ட்ரெய்லருக்கு 200 கிலோ வேண்டும். காய்ந்த பொலபொல மணலில் சக்கரம் புதைந்து உருளும்போது எடையில் கால்வாசி வரைக்கும் எதிர்த்து நிற்கும், அதாவது 500 கிலோ. மணலும் ஏற்றமும் சேர்ந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் ஒரு வண்டி படகைக் கட்டிக்கொண்டு உறுமிக்கொண்டே நின்ற இடத்தில் குழி தோண்டுகிறது என்றால், அந்த இன்ஜினில் குறை எதுவும் இல்லை. டயருக்குப் பிடிமானம் இல்லை, அவ்வளவுதான்.

முகத்துவாரத்துச் சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் போட்டிருந்தாலும் கீழ்ப்பாதியில் பாசி, அதற்கு மேல் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த வழுவழு சேறு. காலியான ஒரு பின்சக்கர பிக்கப், எடை 1600 கிலோ என்று வைப்போம். அதில் பின்சக்கரத்தில் உட்காருவது 700 கிலோ அளவுக்குத்தான். ஈரப் பாசியில் அதில் பத்துக்கு மூன்று பங்கு பிடிமானம் கிடைத்தால் பெரிது, 210 கிலோ. படகுக்கு 200 கிலோ, வண்டி தன்னைத்தானே ஏற்றிக்கொள்ள 160 கிலோ, மொத்தம் 360 தேவை. ஏறாது. "பின்னாடி மணல் மூட்டை போடுபா" என்று உடனே யாராவது குரல் கொடுப்பார்கள். அரை டன் மூட்டை போட்டால் பிடிமானம் 360 கிலோவாகும், ஆனால் அந்த மூட்டையையும் மேலே ஏற்ற வேண்டுமே, தேவை 410 ஆகிவிடும். அப்போதும் ஏறாது. அதே 1600 கிலோ வண்டி நான்கு சக்கர இழுவையாக இருந்தால் முழு எடையும் பிடிமானத்துக்கு வேலை செய்யும், 480 கிலோ கிடைக்கும், லோ கியரில் அமைதியாக ஏறிவிடும். காய்ந்த சிமென்ட் என்றால் பின்சக்கர வண்டியே தாராளமாக ஏறும். தாளில் எழுதி மச்சானிடம் காட்டியபோதுதான் அவர் மூட்டைப் பேச்சை விட்டார்.

அப்படியென்றால் ஃபோர் வீல் டிரைவ் வாங்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் ஆசை இருந்தது. பழைய தார் சிஆர்டிஇ, 2.5 லிட்டர், 105 குதிரை, 247 நியூட்டன் மீட்டர், லோ ரேஞ்சோடு வரும், படகுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். ஆனால் மலையேறுகிற பிள்ளைகளும் வார இறுதி ஜீப் பிரியர்களும் அதற்கு விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். நம்ம பட்ஜெட்டுக்கு வருகிற தார் எல்லாம் யாரோ ஆற்றிலும் பாறையிலும் போட்டு அடித்துத் தீர்த்ததாகத்தான் இருக்கும். இசுசு வி கிராஸ், தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் நமக்குப் பக்கத்திலேயே தயாராகிற வண்டி, பழைய 2.5 லிட்டர் மாடல் 134 குதிரை, 320 நியூட்டன் மீட்டர். இந்த வேலைக்கு இந்தியாவில் கிடைப்பதில் நல்ல வண்டிகளில் ஒன்று என்று நான் சொல்வேன். பழசாகவே நம் பட்ஜெட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கிறார்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக்கே, அதாவது ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலாமல் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற வசதியே இருக்கிறது, மணலுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். ஆனால் பழைய கூர்க்கா தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை, அப்புறம் அதற்குச் சாமான் தேடுவது இன்னொரு வேலை.

இந்த இடத்தில்தான் நாங்கள் வேறு மாதிரி யோசித்தோம், எல்லோரும் அப்படித்தான் யோசிக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். படகை நகர்த்துவது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை. தண்ணீரிலிருந்து, மணலிலிருந்து, சேற்றுச் சரிவிலிருந்து ரோடு வரைக்கும் கொண்டுவருவது ஒன்று. ரோட்டில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் பத்திரமாகக் கொண்டுபோவது இன்னொன்று. முதல் வேலை பத்து நிமிஷம், அதற்குக் குப்பத்திலேயே டிராக்டர் இருக்கிறது. 36-லிருந்து 45 குதிரை வரை உள்ள டிராக்டர் ஒன்று இரண்டு டன்னுக்குப் பக்கத்தில் எடை, அதில் பாதிக்கு மேல் ஆள் உயரப் பின்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும், பல்லுப் பல்லான டயர் மணலைக் கடித்துக்கொண்டு போகும். மகிந்திரா 575 ஆனாலும் சரி, நம்ம செம்பியத்து டாஃபேயின் மாஸி 1035 ஆனாலும் சரி, நல்ல டயரோடு இருந்தால் லட்சக்கணக்கில் கொட்டி வாங்குகிற ஜீப்பைவிட மணலில் உறுதியாக இழுக்கும். ஆனால் அதே டிராக்டரில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் படகைக் கட்டிக்கொண்டு பழவேற்காடு வரைக்கும் போவது கொடுமை, ஆபத்தும்கூட. ஆக, மணலுக்கு டிராக்டருக்குக் கூலி கொடுப்போம், ரோட்டுக்கு மட்டும் வண்டி வாங்குவோம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்த நிமிஷத்திலேயே ஃபோர் வீல் டிரைவுக்குக் கொடுக்க வேண்டிய கூடுதல் காசு மிச்சம், தேடுகிற வண்டிகளின் எண்ணிக்கையும் பல மடங்கு.

ரோட்டு வேலை என்று வந்துவிட்டால் முதல் கேள்வி பிரேக். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடும் மணலி ரோடும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கிற கன்டெய்னர் லாரிகள், திடீரென்று லேன் மாறுகிற டேங்கர்கள், நடுவில் புகுந்து வருகிற பைக்குகள். முன்னால் போகிற லாரி சட்டென்று நின்றால், உங்கள் வண்டியின் பிரேக் உங்கள் வண்டியை மட்டுமல்ல, பின்னால் இருக்கிற இரண்டு டன்னையும் நிறுத்தியாக வேண்டும். வேகம் 40-லிருந்து 60-க்கு ஏறினால் நிறுத்த வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டே கால் மடங்கு ஆகிறது. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான் உச்ச வரம்பு. நம்ம ஊர் பட்டறைகளில் அடித்துத் தருகிற படகு ட்ரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக்கே இருப்பதில்லை, இரண்டு டன்னை அதில் வைத்துக்கொண்டு வேகமாகப் போகிறார்கள். தயவுசெய்து வண்டிக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கை எடுத்து ட்ரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக் போட்டுவிடுங்கள். முன்வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கம்பி வழியாகவோ ஆயில் வழியாகவோ ட்ரெய்லரின் சொந்த பிரேக்கைப் பிடிக்கும். கரென்ட் வேண்டாம், தனி மிதியும் வேண்டாம். இது இல்லாத ட்ரெய்லரில் வளைவில் பிரேக் அடித்தால் பின்பாரம் வண்டியின் பின்பக்கத்தையே பக்கவாட்டில் தள்ளி மடக்கிவிடும். அந்தக் கணத்தில் எத்தனை குதிரை இருந்தும் புண்ணியமில்லை.

சரி, எந்த வண்டி? பின்சக்கர இழுவை, ஏணிச் சேஸ், ஒன்றரை டன்னுக்கு மேல் சொந்த எடை, டீசல், நான்கு லட்சத்துக்குள். இப்படிச் சலித்தால் நிற்பது பொலிரோ, பொலிரோ கேம்பர், பழைய ஸ்கார்ப்பியோ, சுமோ கோல்ட், டாடா செனான். பிக்கப்பும் கேம்பரும் பெரும்பாலும் மஞ்சள் போர்டு, எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அதற்கு ஒரு செலவும் அலைச்சலும் உண்டு. மீன் பெட்டி, ஐஸ், வலை ஏற்றுகிற தொழிலும் சேர்ந்தே இருந்தால் அதையே எடுங்கள், இரண்டுக்கும் ஆகும். லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். 7500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. எங்களுக்குச் சொந்த உபயோகம், வீட்டு ஆட்களும் ஏறிப் போகணும் என்பதால் வெள்ளை போர்டு சுமோ கோல்ட் பக்கம் சாய்ந்தோம். 2019-இல் டாடா சுமோவை நிறுத்திவிட்டதால் விலை இறங்கியிருக்கிறது. சாமானுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது, கைவேலைக்குத் தெரு முனை மெக்கானிக் போதும்.

வண்டி பார்க்கிற கதைக்கு வருவோம். மாதவரம் பக்கம் ஒரு யார்டில் ஒரு பொலிரோவைக் காட்டினார்கள். வெளியே பளபளவென்று இருந்தது, சீட்டுக்கு உறை, ஸ்டியரிங்குக்குத் தோல். "அண்ணே, ஒரே ஓனர், கையே வெக்க வாணாம், எடுத்துனு போய்னே இரு" என்றார் காட்டியவர். நான் பாயை விரித்துக் கீழே படுத்தேன். சேஸ் முழுக்கக் கன்னங்கரேலென்று புதுத் தார் பெயின்ட். பத்து வருஷ வண்டிக்கு அடியில் மட்டும் புதுப் பெயின்ட் எதற்கு? பையில் இருந்த சின்னச் சுத்தியலால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போனேன். டிங், டிங், டிங் என்று வந்த சத்தம் பின்பட்டையைத் தாங்குகிற பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் தொப்பென்று மாறியது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினேன், பெயின்ட் பொத்துக்கொண்டு, உள்ளிருந்து பிஸ்கட் அடுக்கு மாதிரி துரு பாளம் பாளமாகப் பாய் மேல் விழுந்தது. விரல் போகிற ஓட்டை. படகைக் கட்டும்போது முழு இழுப்பும் வந்து நிற்கப்போகிற இடம் அது. காட்டியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, "வெல்டிங் வெச்சிக்கலாம்ணே" என்றார். எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடலோரத்து வண்டிகளின் பெரிய நோய் இதுதான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் உப்புக்காற்று, அதோடு மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் வருஷக்கணக்கில் சேஸ் மேல் சொட்டியிருக்கும். இன்ஜின் போனால் இன்ஜின் மாற்றலாம், கியர்பாக்ஸ் போனால் பழசு வாங்கிப் போடலாம், சேஸ் போன வண்டி இழுவைக்கு ஆகவே ஆகாது. அதனால் படகுக்கு வண்டி தேடுகிறவர்கள் கடலை விட்டு விலகிப் போய்த் தேடுங்கள். திருவண்ணாமலை, வேலூர், தர்மபுரி பக்கத்து வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும், செம்மண் ஒட்டியிருக்கும், துரு இருக்காது. எங்கள் சுமோ வேலூர்ப் பக்கத்திலிருந்துதான் வந்தது. 2013 வண்டி, மூன்றரை லட்சத்துக்கு முடிந்தது.

சென்னை வண்டிதான் என்றால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015-லும் 2023-லும் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து ஊர் ஊராகப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்ட மாதிரி நிற்கும், அதை யாரும் கழுவுவதில்லை. கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டின் அடியில் இருக்கிற ஸ்பிரிங், போல்ட் துருப்பிடித்திருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜினுக்கு, காலையில் ஆறிப்போன நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும், அப்படியிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வரலாம். புஸ் புஸ்ஸென்று புகை அடித்தால் பேக் கம்ப்ரஷன், ரிங் தேய்ந்துவிட்டது, பாரம் இழுக்க லாயக்கில்லை. கிளட்ச்சுக்கு, ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் நல்ல கிளட்ச், அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஓட்டிப் பார்க்கும்போது 50-இல் போய் ஆக்சிலேட்டரை விட்டுக் கேளுங்கள், பின்னாலிருந்து ஊங்காரம் வந்தால் கிரவுன் பினியன், அதாவது பின் அச்சில் இருக்கிற பல்சக்கரம், தேய்மானம். கியர் மாற்றும்போது அடியில் டக்கென்று தட்டினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (இணைப்பு மூட்டு) தேய்மானம். கிராஸ் சின்னச் செலவு, கிரவுன் பெரிய செலவு. ஃபோர் வீல் வண்டி பார்க்கிறவர்கள் லோ கியர் லீவரைப் போட்டு, வண்டியை நகர்த்தியும் பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாத லீவர் இறுகிப்போய், பெயருக்கு மட்டும் நிற்கும். டயரில் பொறித்திருக்கிற நாலு இலக்கத்தைப் படியுங்கள், 2318 என்றால் 2018-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. டயரின் மேல் பட்டன் (பல்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கிழ டயரில் படகை இழுக்காதீர்கள்.

காகித வேலையில் ஒன்று மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ட்ரெய்லரும் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு, இன்சூரன்ஸ் உண்டு. பட்டறையில் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆர்டிஓ ஆபீஸில் போய் என்னென்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள், அடித்து முடித்த பிறகு போனால் அலைச்சல் இரட்டிப்பு. மற்றபடி வழக்கம்தான், பெயர் மாற்ற 29, 30 படிவம், கடன் இருந்தால் 35-இல் பேங்க் கையெழுத்து, வேறு மாநில வண்டியானால் ஆட்சேபணை இல்லை என்கிற 28. ஆர்சியின் 15 வருஷம் எப்போது முடிகிறது என்று பார்த்து, புதுப்பிக்கிற செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். எங்கள் 2013 வண்டிக்கு அது 2028-இல் வருகிறது, அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தோம்.

கொக்கியைப் பம்பரில் வெல்டிங் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பம்பர் இழுவைக்குச் செய்ததே இல்லை. சேஸின் இரண்டு நீளத் தண்டையும் பிடிக்கிற மாதிரி குறுக்குச் சட்டம் செய்து, போல்ட் போட்டு இறுக்கி, அதில்தான் கொக்கி உட்கார வேண்டும். கொக்கி கழன்றாலும் ட்ரெய்லர் ரோட்டில் தனியாக ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலியைக் குறுக்காக மாட்ட வேண்டும். படகை ட்ரெய்லரில் வைக்கும்போது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கி மேல் விழணும். பின்பாரம் அதிகமானால் 50-ஐத் தொட்டதுமே ட்ரெய்லர் வாலாட்டும், ஆட்டம் தொடங்கிவிட்டால் நிறுத்துவது கஷ்டம். வெளியே மாட்டுகிற இன்ஜின் வைத்திருக்கிறவர்கள் அதைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிடுங்கள். தினமும் கரைக்கு வந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு போகிற இன்ஜின்தானே, பின்பலகையில் தொங்கவிட்டு ரோட்டில் குலுக்க வேண்டாம். வலையையும் ஐஸ் பெட்டியையும் முன்பக்கம் தள்ளி வைத்தாலே பாதி ஆட்டம் குறைந்துவிடும்.

கடைசியாக ஹப், சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்கார்ந்திருக்கிற குடம். தண்ணீர் வரைக்கும் ட்ரெய்லரை இறக்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், ரோட்டில் ஓடி வந்த சூட்டோடு உடனே உப்புத்தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் பேரிங் துருப்பிடித்து நடுரோட்டில் இறுகும். கை வைத்துத் தாங்குகிற சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். வேலை முடிந்து வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் ட்ரெய்லரின் சக்கரம், பிரேக், சேஸ் எல்லாவற்றையும் அலசிவிட்டு, கிரீஸ் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே வருகிற வரைக்கும் புது கிரீஸ் அடியுங்கள். வண்டியின் அடிப்பாகத்தையும் அதே குழாயில் அலசுங்கள், வேலூரிலிருந்து துரு இல்லாமல் வந்த சேஸ் எண்ணூரில் அப்படியே இருக்க வேறு வழி இல்லை. ட்ரெய்லரை இப்போது பெயின்ட்டில்தான் வைத்திருக்கிறோம், அடுத்த தடவை படகை ஷெட்டில் விடுகிற நாட்களில் அதைப் பிரித்து ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு (உருகிய துத்தநாகத்தில் முக்கித் துருப்பிடிக்காமல் செய்வதற்கு) கொடுக்கலாம் என்று அண்ணன் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.